அம்மாக்கண்ணு ஆடியது

தலவாக்கலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில், ஞாயிறுதோறும் எட்டுப் பெண்களுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தாள் ஜீவராணி. எட்டுப் பேரும் கொழுந்து பறிப்பவர்கள். நுவரெலியா விழாவுக்குக் கூடையும் சிரிப்புமாக ஒரு கொழுந்து நடனம் வேண்டுமென்று விழாக்குழுவினர் கேட்டிருந்தார்கள். அசைவுகளை அவளே அமைத்திருந்தாள். பெண்கள் பிசகாமல் ஆடினார்கள். முகங்களில்தான் ஒன்றுமே இல்லை.

மூன்றாம் ஞாயிறு அவள் போனில் ஓடிய பாட்டை நிறுத்தினாள். சொல்லித்தந்ததையெல்லாம் மறந்துவிட்டு, உடம்புக்கு என்ன வருகிறதோ அதை ஆடச் சொன்னாள். வெட்கப்பட்டுச் சிரித்தார்களே தவிர யாரும் அசையவில்லை.

கடைசி வரிசையிலிருந்து அம்மாக்கண்ணு முன்னால் வந்தாள். எப்போதும் தாளத்துக்குச் சற்றுப் பிந்துகிறவள். கொழுந்து பறிப்பதுபோல் கைகளை அசைத்தவள், சட்டென்று நின்று எதையோ உற்றுக் கேட்டாள். பிறகு வெறுந்தரையை நோக்கிப் பாய்ந்து, முழங்காலும் முழங்கையும் ஊன்றிக் கவிழ்ந்தாள். முதுகு மட்டும் அங்கங்கே துடித்தது. சிரிப்பு அடங்கியது. யாரோ மெல்ல ரீங்கரித்தார்கள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் லோகேஸ்வரி மட்டும் சுவரோரத்திலிருந்து தவழ்ந்து வந்து, அம்மாக்கண்ணுவின் அடியில் சுருண்டு படுத்தாள்.

ஜீவராணிக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினைந்து வருடம் ஆடியும் ஆட்டுவித்தும் இப்படி ஒன்றை அவள் கண்டதில்லை.

மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. போன வருடம் மலையில் குளவி கலைந்து கொட்டியபோது, ஓடமுடியாமல் விழுந்த லோகேஸ்வரியின் மேல் அம்மாக்கண்ணு இப்படித்தான் கவிழ்ந்து கிடந்தாளாம். முதுகெல்லாம் கொட்டு. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாளாம்.

ஜீவராணி கூடை நடனத்தைக் கைவிட்டாள். இதையே மேடையில் ஆடலாமா என்று இருவரிடமும் கேட்டாள்.

“மறுபடி அப்பிடியே வருமான்னு தெரியலீங்க டீச்சர்,” என்றாள் அம்மாக்கண்ணு.

“அப்பிடியே வரணும்னு இல்லக்கா. அன்னைக்கு வர்றத ஆடுங்க. எங்க நிக்கிறது, எப்ப முடிக்கிறதுன்னு மட்டும் நான் பாத்துக்கிறேன்.”

விழாவன்று, லோகேஸ்வரி சுருண்டு படுத்ததும் விளக்கு அணைய வேண்டும். ஜீவராணி சைகை காட்டக் கையைத் தூக்கினாள். அதற்குள் லோகேஸ்வரி எழுந்தாள். அம்மாக்கண்ணுவைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து மேடையைக் கடந்தாள். ஒத்திகையில் இல்லாதது அது. அம்மாக்கண்ணு முதலில் திகைத்தாள். பிறகு அவள் கழுத்தில் முகம் புதைத்தாள். மற்ற ஆறு பேரும் பின்னால் நடந்தார்கள்.

தூக்கிய கை தூக்கியபடியே நின்றாள் ஜீவராணி. விளக்கை அணைக்கச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.