மெரிடித் வீட்டு வாசல்

காலையிலிருந்து தொலைக்காட்சித் திரை இரண்டாகப் பிரிந்திருந்தது. இடப்பக்கம் எங்கள் கவர்னர் கார்லீன் ப்ரூட்டின் வீட்டு வாசல். வலப்பக்கம், மூன்று மாநிலங்கள் தள்ளி, செனட்டர் மெரிடித் ஆல்காட்டின் வாசல். துணை அதிபர் பதவிக்குத் தன்னோடு நிற்கப்போவது யார் என்பதை அதிபர் வேட்பாளர் அன்று அறிவிப்பதாக இருந்தார். இறுதிப் பட்டியலில் மூன்று ஆண்களும் இருந்தார்கள். ஆனால் இந்த முறை பெண்தான் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்ததால், அவர்கள் வாசலில் ஒரு கேமராகூட இல்லை.

நான் கவர்னரின் உதவியாளர். மாலையில் சட்டம் படிக்கிறேன். கோடை முழுக்க மெரிடித்தைக் கவனிப்பதுதான் என் வேலை. எங்கே பேசினார், குரல் எங்கே கீச்சிட்டது, தலைமுடியை ஏன் குட்டையாக்கினார் என்று தினமும் சொல்ல வேண்டும். அந்த ஆண்களைப் பற்றிக் கவர்னர் ஒருநாளும் கேட்கவில்லை. ஒழுங்காக வேலை செய்பவள் என்று என்னை நினைத்திருந்தேன். அந்த ஆண்களை விட்டுவிட்டோம் என்பது எனக்கும் உறைக்கவில்லை. வேட்பாளரின் வழக்கறிஞர்கள் வந்து கவர்னரைத் துருவித் துருவி விசாரித்தபோது, ஏன் குழந்தை இல்லை என்றும் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் போனதும் கவர்னர் கோபப்படவில்லை.

"அவகிட்ட இதைக் கேட்டிருக்க மாட்டாங்க, டெஸ்ஸா. அவளுக்குத்தான் மூணு பிள்ளைங்களாச்சே" என்றார்.

திரையில் மெரிடித்தின் கார் வெளியே வந்தது. கவர்னரின் கோப்பை பாதியில் நின்றது.

"ஏர்போர்ட்டுக்குத்தான் போறா."

கவர்னரின் கணவர் ராய் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். "பால் வாங்கப் போறாங்களோ என்னவோ."

"பால் வாங்க யாராவது முத்துமாலை போட்டுட்டுப் போவாங்களா?"

"நீ காலைலேர்ந்து அடுப்படியில போட்டுட்டு உக்காந்திருக்கியே."

கார் சீக்கிரமே திரும்பியது. மெரிடித் இரண்டு அட்டைப்பெட்டிகளோடு இறங்கி உள்ளே போனார். அவற்றில் என்ன இருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் வேட்பாளரின் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. கவர்னர் நின்றுகொண்டே கேட்டார். நடுவில் ஒரே ஒரு கேள்வி.

"மெரிடித்தா?"

பதில் வந்ததும் அவர் தோள்களின் இறுக்கம் தளர்ந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டு உட்கார்ந்து, ஆறிப்போன முட்டையை ரசித்துச் சாப்பிட்டார்.

"அவ இல்ல."

அப்படியானால் யார் என்று ராய் கேட்டார். பெயரை நினைவுபடுத்திக்கொள்ள கவர்னருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. டக் ஃபென்டன், பட்டியலில் இருந்த மூன்று ஆண்களில் ஒருவர். எனக்குள்ளும் ஒரு குதூகலம் எழுந்திருந்தது. தோற்றது நாங்கள்தான் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது.

அப்போது திரையில் மெரிடித் வாசலுக்கு வந்தார். பெட்டிகளைத் திறந்து செய்தியாளர்களுக்கு டோனட் கொடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தோத்தவங்க மாதிரியே இல்லையே" என்றேன்.

கவர்னர் அந்தச் சிரிப்பையே வெகுநேரம் பார்த்தார். முள்கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"நான் இல்லைன்னு அவளுக்குச் சொல்லியிருப்பாங்க" என்றார்.

ராய் அடுப்பை அணைத்தார். கவர்னர் எழுந்து நீல மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, வென்றால் ஒன்று, தோற்றால் ஒன்று என்று நாங்கள் எழுதித் தந்திருந்த இரண்டு அறிக்கைகளில் சிறியதை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். நான் ஜன்னலருகே போனேன். புல்வெளியில் செய்தியாளர்கள் கேமரா வடங்களைச் சுருட்டி வண்டிகளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் வண்டி ஃபென்டனின் ஊருக்குப் போகும் சாலையில் திரும்பிவிட்டது. கவர்னர் படியில் நின்று, மூடிக்கொண்டிருந்த வண்டிக் கதவுகளைப் பார்த்துப் புன்னகைத்தார்.