இடதுபக்கம் இழுக்கும் கார்

இடதுபக்க முன்சக்கரம் கழன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. பெரியவள் பழைய டூத் பிரஷ்ஷால் பிரேக் சிலிண்டரின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழுக்குப் போனதும் கம்பெனியின் முத்திரையும் அளவும் இரும்போடு இரும்பாகப் புடைத்துத் தெரிந்தன. டூப்ளிகேட் செய்கிறவர்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். வழவழவென்று வார்த்துவிட்டு, பெட்டியில் மட்டும் பேர் போடுவார்கள். சந்தேகமே இல்லை, இது ஒரிஜினல்.

அப்படியானால் பிரேக் போட்டால் கார் ஏன் இடதுபக்கம் இழுக்கிறது?

இந்தக் காரில் ஒரு திருகாணிகூட டூப்ளிகேட் கிடையாது என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். இந்த இடத்தில் முன்பு இருந்த சிலிண்டர் ஒழுக ஆரம்பித்தபோது தம்பிதான் ஊரெல்லாம் அலைந்து வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டினான். அன்றைக்கே கார் இழுத்தது. "டூப்ளிகேட்டை மாட்டிட்டு என்கிட்டயே கதை விடுறியா?" என்று அக்கம்பக்கம் கேட்க அப்பா கத்தினார். சாவியை பானெட் மேல் வைத்துவிட்டுப் போன தம்பி, அதற்கப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை.

இன்று வருகிறான். டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார். ஆனால் தம்பி வந்து சேரச் சாயங்காலமாகும். அப்பாவின் மூச்சு அதுவரை தாங்குமா என்று தெரியவில்லை. அவன் பொய் சொல்லவில்லை என்பதையாவது அதற்குள் அவர் காதில் போட்டுவிட வேண்டும்.

அம்மா ஷெட் வாசலில் வந்து நின்றாள். "மனுஷன் அங்க கிடக்கறாரு. நீ இங்க எண்ணெய்ல குளிச்சிட்டிருக்க. இந்தக் கார் எனக்குச் சக்களத்தியா வந்தது பத்தாதா? உன்னையும் பிடிச்சுக்கிச்சா?"

"வந்துட்டேம்மா."

கையைச் சரியாகக்கூடத் துடைக்காமல் உள்ளே போய் அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"அப்பா, தம்பி மாட்டினது ஒரிஜினல்தான். முத்திரை இருக்கு. என் கண்ணால பாத்தேன்."

அப்பா கண்ணைத் திறந்தார். உதடு இரண்டு முறை அசைந்த பிறகுதான் குரல் வந்தது.

"அப்ப ஏன் இழுக்குது?"

பம்ப் தொழிற்சாலையில் நாள் முழுக்கத் தரம் பார்க்கிறவள். அளவு தப்பினால் விரல் நுனியிலேயே தெரிந்துவிடும் அவளுக்கு. இது மட்டும் பிடிபடவில்லை. "பாத்துச் சொல்றேன்ப்பா" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் ஷெட்டுக்குப் போனாள். குழாயைத் தடவினாள், ஒன்றும் அடைத்திருக்கவில்லை. திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி போனாள். அடுத்த முறை உள்ளே வந்தபோது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டாரு" என்றாள், கடைக்குப் போனவரைச் சொல்வதுபோல.

பிறகு நாற்காலிகள் வந்தன, ஆட்கள் வந்தார்கள். நகக்கண்ணில் கறுப்போடு பெரியவள் எல்லோருக்கும் தலையசைத்தாள். பிரேக் எண்ணெய் போகும் பாதையில்தான் மனசு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே தம்பி வந்தான். அப்பாவின் காலருகே வெகுநேரம் நின்றான். அப்புறம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏதாவது சொன்னாராக்கா?"

உன்னைத்தான் கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"நீ மாட்டினது ஒரிஜினல்னு சொன்னேன். அப்ப ஏன் இழுக்குதுன்னு கேட்டாரு."

தம்பிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "ஒத்துக்கிட்டா அது அவரு இல்லயே" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீ என்ன சொன்ன?"

"பாக்கறேன்னு சொன்னேன். இடதுபக்கம் பூரா பாத்தாச்சு, ஒண்ணுமில்ல."

சொல்லி வாயை மூடவில்லை, அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. எல்லோரும் இடதுபக்கத்தையே பார்த்தார்கள். வலதுபக்கத்தை யாரும் கழற்றிப் பார்த்ததே இல்லை. அது அப்பா தன் கையால் மாட்டியது.

காலையில்தான் எடுப்பதாக இருந்தது. இருவரும் பின்பக்கமாக ஷெட்டுக்குப் போனார்கள். தம்பி சட்டைக்கையை மடித்துவிட்டு ஜாக்கி வைத்தான். அவள் பிரஷ்ஷால் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். இரும்பு வழவழவென்று இருந்தது. பிஸ்டனை வெளியே எடுத்து வெர்னியர் அளவுகோலால் அளந்தாள். இடதுபக்கத்தில் புடைத்திருந்த அளவைவிட மயிரிழை அல்ல, நன்றாகவே சிறியது.

எண்ணெய் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில்தான் வருகிறது. ஆனால் சிறிய பிஸ்டன் குறைவாகத்தான் தள்ளும். வலதுசக்கரம் ஒப்புக்குப் பிடிக்க, இடது அழுந்தப் பிடிக்க, பலமாகப் பிடித்த பக்கம் கார் திரும்புகிறது. பழைய இடதுபக்கச் சிலிண்டர் ஒழுகித் தளர்ந்திருந்தவரை இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகப் போயிருக்கிறது. நல்லது ஒன்று வந்து உட்கார்ந்ததும்தான் வித்தியாசம் தெரிந்தது.

அலமாரியில் அந்த வலதுபக்கச் சிலிண்டர் வந்த பெட்டி இருந்தது. கம்பெனி பேரோடு, அப்பா ஆணிகளைப் போட்டு வைத்திருந்த பெட்டி. தம்பி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பெட்டியை நம்பி வாங்கியிருக்காரு."

வாசலில் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவள் திட்டவில்லை.

"அப்ப ஏன்தான் இழுக்குதாம்?"

பெரியவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இடதுபக்கம் சரியாத்தாம்மா இருக்கு. வலதுபக்கம்தான் மாத்தணும்."