எழுபத்தாறு

எழுபத்தாறு என்று டாக்டரம்மா சொன்னதும் விஜயராணி மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். நூற்றுக்கா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. வேறு எதற்கு இருக்கும். பத்து வயதாகியும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை, ஒரு பரீட்சையிலும் இரட்டை இலக்கத்தைத் தொடாத பிள்ளை, எழுபத்தாறு. புருஷன் முனீஸுக்கு உடனே போன் போட வேண்டும். வீரபாண்டி சாயப்பட்டறை இரைச்சலில் அவன் எடுக்கமாட்டான். இருந்தாலும் போட வேண்டும்.

டாக்டரம்மா முகத்தில் சந்தோஷம் இல்லை. காகிதத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"ஐ.க்யூ எழுபதுக்குக் கீழ வந்தாத்தானுங்க சர்டிபிகேட். இவளுக்கு மேல வந்திருக்குது."

விஜயராணி தடவிய கையை எடுக்கவில்லை. நித்யஸ்ரீ அந்தக் கைக்குக் கீழே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

நித்யஸ்ரீ சொல்லாமல் எழுந்து போய்விடுகிறவள். வகுப்பிலிருந்து போவாள், கேட்டைத் தாண்டிப் போவாள். ஒருமுறை ரயில் பாதையோரம் நடந்துகொண்டிருந்தவளை யாரோ பிடித்துவந்து விட்டார்கள். அன்றைக்குத் தலைமையாசிரியர், இனி அனுப்ப வேண்டாம் என்று விஜயராணியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மண்ணரையில் அவள் டெய்லராக இருக்கும் பனியன் கம்பெனிக்குக் கூட்டிப்போய், மெஷினுக்குப் பக்கத்தில் பண்டல்களுக்கு நடுவே உட்காரவைத்துப் பார்த்தாள். ஆடிட்டுக்கு வெளிநாட்டு ஆட்கள் வரும்போது உள்ளே பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது. சூப்பர்வைசர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். இப்போது வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறாள். மத்தியானம் ஓடிவந்து திறந்தால் கதவின் உள்பக்கம் புதிதாக நகக்கீறல் இருக்கும்.

அவிநாசிப் பக்கம் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. காலையில் வேன் வந்து கூட்டிப்போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். டெஸ்ட் எடுத்து சர்டிபிகேட் வாங்கி வாருங்கள், அன்றைக்கே சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

டெஸ்ட் என்றால் என்னவென்று விஜயராணிக்குத் தெரியும். திருப்பூரில் டெஸ்ட் பீஸ் தைத்துக் காட்டாமல் யாரும் மெஷினில் உட்கார முடியாது. கழுகுமலையிலிருந்து அவள் வந்த புதிதில், பக்கத்து வீட்டுச் சந்தனம் அக்கா அவளை ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்காரவைத்து, கழுத்துப்பட்டி வைப்பதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யவைத்தாள். வேறொன்றும் தெரியாது. கம்பெனியில் கேட்டதும் அதையேதான். உள்ளே போய்விட்டால் மீதியைப் பழகிக்கொள்ளலாம் என்பது அக்காவின் கணக்கு. அது பொய்க்கவில்லை. இந்த ஊரில் எத்தனையோ பேர் அப்படித்தான் டெய்லர் ஆனார்கள்.

அடுத்த மெஷின் அன்புசெல்வியின் மகனுக்கு முன்பே இந்த டெஸ்ட் நடந்திருந்தது. என்னென்ன கேட்பார்கள் என்று அவளிடம் ஒன்றுவிடாமல் விசாரித்தாள். சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளைப் படத்தில் உள்ளதுபோல் அடுக்க வேண்டும். எண்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். வாழைப்பழத்துக்கும் ஆரஞ்சுக்கும் என்ன ஒற்றுமை என்று சொல்ல வேண்டும். "சும்மா கூட்டிட்டுப் போங்க்கா, அவீங்களே பாத்துக்குவாங்க" என்றாள் அன்புசெல்வி. விஜயராணிக்கு அது பொறாமையாகப் பட்டது.

கட்டிங்கில் கழிந்த துணியைத் தீப்பெட்டிகளில் ஒட்டிக் கட்டைகள் செய்தாள். வேலை விட்டு வந்ததும் மகளை எதிரே உட்காரவைத்தாள். முறுக்கு கொடுத்தாள். அடித்தாள். படத்தைப் பார்க்கச் சொன்னால் நித்யஸ்ரீ பார்க்கமாட்டாள். கைதான் பழகியது, மெஷினுக்குள் துணியை விடும் கை பழகுகிற மாதிரி. ஒரு நாள் கேட்டு முடிக்கும் முன்பே பழம் என்றாள். விஜயராணி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இன்றைக்கு டெஸ்ட்டுக்கு நடுவில் டாக்டரம்மா கதவைத் திறந்து வந்தார். கேள்வி முடிவதற்குள் பதில் வருகிறதே, வீட்டில் சொல்லிக் கொடுத்தீர்களா என்று கேட்டார். பரீட்சை ஹாலில் பிட்டோடு பிடிபட்ட மாதிரி இருந்தது. இல்லவே இல்லை, அவளாகவே சொல்கிறாள் என்று விஜயராணி சாதித்தாள்.

இப்போது நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"பொய் சொல்லிட்டேன் மேடம். எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "சொல்லிக் குடுத்தாக் கத்துக்கறா இல்லீங்களா? புத்திங்கறதே அதுதானுங்களே."

"கத்துக்கல மேடம்."

அதை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. மகளின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஏட்டி, ஆடும் மாடும் எதுல ஒண்ணு?"

நித்யஸ்ரீயின் கண் மலர்ந்தது. "பழம்."

"கதவும் சன்னலும்?"

"பழம்."

"பாத்தீகளா மேடம்? மண்டையில ஒண்ணுமே கிடையாது. நீங்களே பாத்தீக."

மகளைப் பற்றி அவ்வளவு பெருமையாக அவள் யாரிடமும் பேசியதில்லை. நித்யஸ்ரீ அடுத்த கேள்விக்காக அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா மேஜையைப் பார்த்தார். பதிந்த மார்க்கை மாற்ற முடியாது, ஒரு வருஷம் கழித்துத்தான் மறுபடி எடுக்க முடியும் என்றார். குரலைத் தாழ்த்தி, அதுவரை எதையும் சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். வெளியே அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

பஸ் ஏறும்போது மழை பிடித்துவிட்டது. கண்ணாடிகளை இழுத்து மூடியிருந்தார்கள். நித்யஸ்ரீக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒரு வருஷம். செருப்பை விட்டுவிட்டு வருகிறவள், சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டை எடுக்கிறவள், இதை மறப்பாளா? விஜயராணி அவள் காதருகே குனிந்தாள்.

"வாழப்பழமும் ஆரஞ்சும் எதுல ஒண்ணு?"

"பழம்."

"தப்பு."

நித்யஸ்ரீ நிமிர்ந்து பார்த்தாள். கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தவள் மாதிரி, பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னாள். "பழம்."

"தப்புட்டி. தெரியாதுன்னு சொல்லு."

முன்சீட்டுப் பெண் திரும்பினாள். மடியில் தூக்குப்போசி வைத்திருந்த வயதான பெண்.

"ஏனுங்க, புள்ள சரியாத்தானுங்களே சொல்லுது? நீ சொன்னதுதான் சரி கண்ணு. என்ன புத்தி பாரு இதுக்கு."

கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள். நித்யஸ்ரீ சிரித்தாள். விஜயராணியும் சிரிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண் இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு மறுபடி கேட்டாள். நித்யஸ்ரீ அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி, வாயைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் கண்ணாடி மங்கியது, தெளிந்தது, மறுபடி மங்கியது.