கொழுப்பைச் சுற்றிய பச்சை வளையம்

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. என் மனைவியும் என் தங்கையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகள். இருவருக்கும் நடுவே உட்கார்ந்து சாப்பிடும் எனக்கு உயிரியல் சுட்டுப்போட்டாலும் வராது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘செல்லுக்குள் கொழுப்பைச் சுமந்து திரியும் ஒரு கூலியாள்…’

மனைவி அதை அடித்துவிட்டாள். “அதுக்குக் கூலி யாரு குடுத்தா? ஒழுங்கா எழுதுங்க.”

ஒழுங்காக எழுதுகிறேன். கொழுப்பு தண்ணீரில் கரையாது. செல்லுக்குள்ளோ பெரும்பாலும் தண்ணீர்தான். அதனால் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளச் சின்னச் சின்னப் புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்று செல்லுக்குள் எங்கே தங்குகிறது, எங்கே போகிறது என்று என் மனைவி ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள். பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதத்தை அதன் வாலில் ஒட்டிவிட்டால், போகுமிடமெல்லாம் நுண்ணோக்கியில் தெரியும்.

2

செல்களை மருந்தூற்றிக் கொன்று, இருந்தது இருந்தபடி நிறுத்திவைத்துப் படம் எடுப்பாள். எல்லாப் படத்திலும் கொழுப்புத் துளிகளைச் சுற்றி அழகான பச்சை வளையம். கட்டுரை தயார். அதை நம்பித்தான் அவளுடைய நிரந்தர வேலையும்.

அப்போதுதான் தங்கை கேட்டாள்: “அண்ணி, உயிரோட இருக்கறப்ப பாத்தீங்களா?”

(இந்த இடத்தில் மனைவியின் கையிலிருந்து கரண்டி விழுந்ததாக எழுதியிருந்தேன். விழவில்லை. சாப்பிட்டு முடித்தாள், தட்டைக் கழுவினாள், பிறகுதான் “இல்ல” என்றாள்.)

3

உயிருள்ள செல்லை உடல்சூட்டில் வைத்துப் பார்க்கும் நுண்ணோக்கி புதிதாக வந்திருந்தது. அதை இயக்குவது தங்கை.

நாத்தனாருக்குக் கொஞ்சம் பொறாமை சேர்த்தால் கதை சூடுபிடிக்கும் என்று ஒரு வரைவில் சேர்த்துப் பார்த்தேன். ஒட்டவே இல்லை. அந்தக் கேள்வி கேட்ட மறுநாள், நுண்ணோக்கி முன்னால் தங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்ததாம்.

“நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் அண்ணி.”

“இருந்திருந்தா உன்கூடப் பேசியே இருக்கமாட்டேன். மெஷின போடு.”

திரையில் செல் தெரிந்தது. பச்சை நிறம் பனிமூட்டம்போல எங்கும் பரவிக் கிடந்தது. வளையம் இல்லை.

இத்தோடு எழுந்து போயிருக்கலாம். என் மனைவி போகவில்லை. இந்தக் கதையை நான் எழுதுவதே அவள் அடுத்துச் சொன்னதற்காகத்தான்.

“இப்ப அந்த மருந்த ஊத்து. நாம பாத்துக்கிட்டே இருக்கறப்ப ஊத்து.”

தங்கை ஊற்றினாள். செல் செத்தது. சாகும்போது பச்சை நகர்ந்து நகர்ந்து, கொழுப்புத் துளிகளைச் சுற்றி வளையமாக ஒட்டிக்கொண்டது. ஆறு வருடப் படங்களை வரைந்தது அந்த மருந்து.

அந்த நிமிடம் என் மனைவியின் மனத்துக்குள் ஒரு…

(எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்தேன். “பசிச்சுது” என்றாள்.)

4

நேராகப் பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

“ஆறு வருஷம்மா,” என்றார் அவர்.

“ஆமா சார். ஆனா இந்தக் கட்டுரைய அனுப்ப முடியாது.”

நிரந்தர வேலை அந்த முறை வேறொருவருக்குப் போனது. வீட்டுக்கு வந்து அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, துவைத்த துணியை மடிக்க உட்கார்ந்தாள். நானும் கூட உட்கார்ந்து மடித்தேன்.

மறுவாரமே புதுத் தட்டில் செல்களை வளர்த்து, உயிரோடு இருக்கும்போதே அவற்றுக்குக் கொழுப்பு கொடுத்தாள். இருவரும் திரை முன்னால் உட்கார்ந்தார்கள். பரவிக் கிடந்த பச்சை, மெதுவாக, மிக மெதுவாக, நடுவே இருக்கும் உட்கருவுக்குள் சேரத் தொடங்கியது. மரபணுக்கள் இருக்கும் இடம் அது.

“அண்ணி! உள்ள போகுது! உள்ள போகுது!”

“குதிக்காதடி, மேசை ஆடுது. படம் கலைஞ்சிடும்.”

சொல்லிவிட்டு அவளே எழுந்து குதித்தாளாம். இது தங்கையின் வாக்குமூலம். மனைவி மறுக்கிறாள்.

5

முடிவுக்கு இரண்டு வரைவு வைத்திருந்தேன். முதலாவதில், கொழுப்பைப் பிடித்ததும் அந்தப் புரதம் உட்கருவுக்குள் போவது உண்மை என்று நிரூபணமாகிறது, வேலையும் கிடைக்கிறது. இரண்டாவதில், உள்ளே இழுத்துப் போனது வாலில் ஒட்டிய அந்தப் பச்சைப் புரதம்தான் என்று தெரிந்து, எல்லாம் மறுபடி விழுகிறது. எது சரி என்று, பச்சைக்குப் பதில் வேறொன்றை வாலில் ஒட்டி இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டையும் மனைவியிடம் காட்டினேன். முதல் வரைவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

“முடிவ எழுதாதீங்க. எழுதிட்டீங்கன்னா, நான் போய் அதையே பாக்க ஆரம்பிச்சுடுவேன்.”

ஆகவே இதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள்.