பகல் நேரக் கட்டில்

அருப்புக்கோட்டையில் ஏறித் திருச்சுழியில் இறங்குவதற்குள், கண்டக்டர் சங்கையாவின் மகன் பாண்டிராஜுக்கு லண்டனில் வீடு இருக்கிற விஷயம் பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். டிக்கெட் எடுத்தவருக்கும் தெரியும், எடுக்காமல் நழுவப் பார்த்தவருக்கும் தெரியும். ஒன்றரை வருஷமாக இதே பாட்டுத்தான்.

அவர் பொய் சொல்லவில்லை. படிக்கப் போன மகன் தினமும் மத்தியானம் இரண்டு மணி வாக்கில் வீடியோவில் வருவான். கட்டிலில் சாய்ந்திருப்பான், பின்னால் ஜன்னல் தெரியும். “வீடு நல்லாருக்காடா?” என்பார். “நல்லாருக்குப்பா” என்பான். மீதியை அவரே மனசுக்குள் கட்டி முடித்து, மாடியும் எடுத்துவிட்டார்.

இறந்துபோன தம்பியின் மகள் சத்யபிரியாவுக்கும் அதே ஊரில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. அவள் சமர்த்தாக ஹாஸ்டலில் ரூம் பிடித்து வைத்திருந்தாள். சங்கையாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“அண்ணன் வீடு இருக்கையில தங்கச்சி ஹாஸ்டல்ல கெடந்தா, ஊருக்குள்ள நான் தலகாட்ட முடியுமா? ரூம் வேண்டாம்னு எழுதிப் போடு தாயி” என்று ஒற்றைக்காலில் நின்று அதை விடவைத்தார்.

மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்ம வீட்டுப் பிள்ளை நம்ம வீட்டுக்குப் போக எவனாவது அனுமதி கேட்பானா? அந்தப் பெண்ணும் அண்ணனிடம், “ஏர்போர்ட்டுக்கு வருவியாண்ணே?” என்று மட்டும் கேட்டிருந்தாள். “வாரேன் பாப்பா” என்று அவனும் சொல்லியிருந்தான்.

மதுரை ஏர்போர்ட்டிலிருந்து அவள் விமானம் கிளம்பி அரைமணி நேரம் ஆகியிருந்தது. அவளுடைய அம்மா வெள்ளைத்தாய் கம்பி ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சங்கையா தள்ளி வந்து மகனுக்குப் போன் போட்டார்.

“பாப்பா கெளம்பிருச்சு. ஒரு ரூம ஒதுங்க வச்சுக் குடுத்துரு.”

“எந்த ரூமப்பா? அதுக்குத்தான் ஹாஸ்டல் இருக்கே?”

“அத நான் விடச் சொல்லிட்டேன். நம்ம வீடு இருக்குல்ல?”

மகன் குரலைத் தாழ்த்தினான்.

“அப்பா, எனக்கு வீடு கெடையாதுப்பா. ஒரு கட்டில் இருக்கு. அதும் பகல்ல மட்டுந்தான்.”

“பகல்ல மட்டும்னா?”

“ராத்திரி இன்னொருத்தன் படுப்பான். ஆளுக்குப் பாதி வாடகை. ரெண்டு ரூம்ல எட்டுப் பேரு, பூரா ஆம்பளப் பயலுக. இங்க எப்படிப்பா பாப்பாவக் கூட்டிட்டு வர?”

“வேலைக்குப் போறேன்னியேடா?”

“படிக்கிற பிள்ளைகள வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல வேல பாக்க விடமாட்டாக. மீறுனா விசா போயிரும். கடையில ராத்திரி சாமான் அடுக்குறேன். வர்ற சம்பளம் அந்தக் கட்டிலுக்கும் சாப்பாட்டுக்குமே இழுபறிதாம்பா.”

“ஏண்டா சொல்லல?”

“வீடு நல்லாருக்கான்னு கேட்டீக. நல்லாருக்குன்னேன்.”

சங்கையாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அவருக்கே விளங்கவில்லை. “எறங்குற பிள்ளைய நடுத்தெருவுல நிறுத்தப் போறியா? தகப்பனில்லாத பிள்ளைக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன்டா!” என்று கத்தினார். டாக்ஸிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கத்தாதீகப்பா. கூடப் படிக்கிற பொண்ணுக ரூம்ல ரெண்டு நாளைக்குக் கேட்டுப் பாக்குறேன்” என்று போனை வைத்தான்.

திரும்பினால் வெள்ளைத்தாய் பின்னாலேயே நின்றாள். மறைக்க வழியில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். பெற்றவள், மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றார். இப்படி ஒரு கேவலம் தனக்கு வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

அவள் திட்டவில்லை. நூல் மில்லில் இருபது வருஷமாக ஷிப்டு பார்க்கிறவள் அவள். முகம் வெளிறி, விரலை மடக்கி எதையோ யோசித்தாள்.

“இருபது மணி நேரம்னா ரெண்டு ராத்திரி வேல அத்தான். மிஞ்சிப் போனா மூணு.”

“ஆமா, அதுக்கென்ன?”

“கட்டிலு பகல்ல மட்டுந்தாங்கிறீக. அப்ப மிச்ச நாலு ராத்திரியும் பாண்டி எங்க இருக்கான்? அந்தக் குளுருல பிள்ள எங்க அத்தான் படுக்குறான்?”

ஒன்றரை வருஷம். சங்கையாவுக்குத் தெரியவில்லை. சற்றுமுன் போனில் அவ்வளவு நேரம் கத்தியபோதும், அதை அவர் கேட்கவில்லை.