முதல் வரியில் ஒரு பொய்

"யாரைக் கேட்டு மாத்தினே?"

அண்ணி கதவைத் தள்ளிய வேகத்தில் சுவரே அதிர்ந்தது. திரையில் நூலக இணையதளத்தின் கோட். பக்கம் எந்த விதிப்படி எழுதப்பட்டது என்று அறிவிக்கும் முதல் வரியில், அவள் எழுதியிருந்த 'டிரான்சிஷனல்' போய், 'ஸ்ட்ரிக்ட்' ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

கொழுந்தன் திரும்பவேயில்லை. "அண்ணன் சொன்னது மறந்துபோச்சா? இன்னைக்கு நூலகத்துக்காரங்க கையெழுத்தை யார் வாங்குறாங்களோ, அவங்களுக்குத்தான் நம்ம கம்பெனி டிசைன் பொறுப்பு. உங்க டிரான்சிஷனல் பழைய குப்பையை எல்லாம் பொறுத்துக்கும். கோழைங்க போடுறது."

"குப்பையா? முன்னூத்தி நாப்பது பக்கம், நான் எழுதினது! எழுத்துக்கு நிறம், அளவு எல்லாமே பழைய டேக் குறியீடு. ஸ்ட்ரிக்ட் அதுல ஒண்ணைக்கூட ஒத்துக்காது."

"பிரவுசர்ல பாருங்க, ஒரு முடி அசையல. உள்ள யாரு எட்டிப் பார்க்கப் போறா?"

"பாஸ்வேர்டைக் கொடு."

"மாத்திட்டேன். தர மாட்டேன்."

அழைப்பு மணி அடித்தது.

வந்த நூலக அதிகாரி காபி வேண்டாம் என்றார். சொந்த லேப்டாப்பைத் திறந்து, பக்கங்களைச் சரிபார்க்கும் கருவியை ஓடவிட்டார். அரை நிமிடம். திரை முழுக்கச் சிவப்பு.

"இரண்டாயிரத்து முன்னூத்திப் பதினாறு பிழை."

கொழுந்தன் அண்ணியைக் கைகாட்டினான். "அது... பக்கமெல்லாம் அண்ணி எழுதினது, மேடம்."

அடப்பாவி!

"பக்கம் என்னுது. முதல் வரி இவன் போட்டது" என்றாள் அண்ணி.

"நாங்க ஸ்ட்ரிக்ட் கேட்கவே இல்லையே?" அதிகாரி எரிச்சலாகச் சொன்னார். "மேல என்ன சொல்றீங்களோ, கீழ அது உண்மையா இருக்கணும். ஒப்பந்தமே அதுதான். நான் கிளம்புறேன்."

"ரெண்டு நிமிஷம், மேடம். முதல் வரி எல்லாப் பக்கத்துக்கும் ஒரே ஃபைல்ல இருந்துதான் வருது." அண்ணி கீபோர்டை இழுத்தாள். "பாஸ்வேர்டு?"

கொழுந்தன் தரையைப் பார்த்தான். "அண்ணிக்கு ஆப்பு. இடம் விடாம."

அதிகாரி இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார். அண்ணி சிரிக்கவில்லை. தட்டினாள். 'டிரான்சிஷனல்' திரும்பி வந்தது. கருவி மறுபடி ஓடியது. பச்சை. பூஜ்யம்.

அண்ணி நீட்டிய தாளில் அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

"விளையாட்டுக்கு வெச்ச பாஸ்வேர்டு, அண்ணி..."

"வாயை மூடு. பொறுப்பு இப்ப யாருக்கு?"

"உங்களுக்கு."

"ஸ்ட்ரிக்ட்தானே வேணும் உனக்கு? பழைய டேக்கை எல்லாம் எடுத்துட்டு, ஒவ்வொரு பக்கமா நீயே மாத்தி எழுது. அது வரைக்கும் முதல் வரி மேல கை வெச்சே, வேற வேலை தேடிக்கோ."

பற்களைக் கடித்தபடி அவன் முதல் பக்கத்தைத் திறந்தான். ஸ்ட்ரிக்ட் கணக்கில் அதில் மட்டுமே நாற்பத்தொரு பிழை.