மிஞ்சிய ஜோடி

போட்டோ எடுத்தவன் கேமராவைப் பையில் வைப்பதற்குள் சூப்பர்வைசர் பொன்னுராஜ் சாக்கை விரித்துவிட்டான்.

"ம், பூட்ஸைக் கழட்டி இதுல போடுங்க. மூணு லாரிப் பழம் நிக்குது."

தேவதானப்பட்டிப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலை அது. தின்கிற பொருள் என்பதால் செருப்பை வாசலிலேயே விட வேண்டும் என்பது முதலாளி சட்டம். பழம் கழுவுகிற தண்ணீர் நாள் முழுக்கத் தரையில் ஓடும். அதில் வெறுங்காலோடு நின்றுதான் பெண்கள் மெஷினை ஓட்டுவார்கள். குங்குமம் வைத்த மெஷின் முன்னால் செருப்போடு நிற்க அவர்களுக்கே மனம் வராது. சர்ச்சுக்குப் போகிற கிருபாவதிக்கும்கூட வந்ததில்லை. போன வாரம் அந்த மெஷினைத் தொட்ட ஜக்கம்மாவைக் கரண்டு தூக்கி எறிந்தது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்; வலது கை இன்னும் அசையவில்லை. மெஷினில் ஒரு ஒயருக்கு டேப் சுற்றியதோடு சரி. இன்று முதல் ஜக்கம்மா இடத்தில் கிருபாவதி.

ஜக்கம்மாவுக்கு அடிபட்டதால்தான் இன்று காலை இந்தப் பாதுகாப்புப் பயிற்சி. சொல்லிக்கொடுக்க மதுரையிலிருந்து வந்தவர் நல்ல மனிதர்தான், பாவம். ஈரத்தில் வெறுங்காலோடு நிற்காதே, ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே, கரண்டு பிடித்தவரைக் கையால் இழுக்காதே, முதலில் மெயினை அணை என்று ஒவ்வொருத்தியையும் திருப்பிச் சொல்ல வைத்தார். புது ரப்பர் பூட்ஸோடு எல்லோரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். அவர் போன ஜீப்பின் புழுதிகூட இன்னும் அடங்கவில்லை.

பத்துப் பேரும் கழற்றிப் போட்டார்கள். கிருபாவதி காலை அசைக்கவில்லை.

"ஒனக்கு மட்டும் தனியாச் சொல்லணுமா?"

"எதுக்குக் கழட்டணும்?"

"ஆபீசர் யாரும் வந்தா மறுபடி தருவேன். தெனமும் போட்டுத் தேய்க்கவா மொதலாளி வாங்குனாக?"

அவளுக்கு வந்ததே கோபம்! ஆபீசர் வருகிற நாளில் மட்டும்தான் கரண்டு கடிக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போல. வேலை போனால் இரண்டு பிள்ளைகளோடு என்ன செய்வது என்ற பயமும் கூடவே வந்தது. ஆனால் ஜக்கம்மாவின் அந்தக் கையை நேற்றுத் தூக்கிப் பிடித்துத் துடைத்துவிட்டவள் அவள்தான்.

"நான் கழட்டல. இதோடதான் மிசினுகிட்டப் போவேன்."

"அப்ப வீட்டுக்குப் போ."

"வீட்டுக்கும் போகமாட்டேன். அந்த சார் சொல்லிக் குடுத்தாக, நான் கேட்டுக்கிட்டேன். வெறுங்காலோட தொடணும்னா, சொல்றவுக மொதல்ல தொட்டுக் காட்டட்டும்."

பெண்கள் பக்கம் சலசலப்பு. பொன்னுராஜுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதென்ன பெரிய வித்தையா?"

பேண்டை மடித்துவிட்டு ஈரத் தரையில் விறுவிறுவென்று நடந்தான். சுவிட்சுக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றுவிட்டது. வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நீட்டிய கையை மடக்கவும் முடியாமல், தொடவும் முடியாமல் நின்றான். கால்விரல்கள் மட்டும் தண்ணீருக்குள் மடங்கிக்கொண்டன.

அக்கம்மாள்தான் முதலில் அசைந்தாள். அவன் ஊர்க்காரி, பத்து வயது மூத்தவள். யாரையும் கேட்காமல் சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தன் ஜோடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். மற்றவர்களும் குனிந்தார்கள். வருகைப் பதிவேட்டில் உள்ள பன்னிரண்டு பேருக்கும் கணக்காக வாங்கியிருந்ததால், யார் காலும் படாத ஒரு ஜோடி தரையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு அக்கம்மாள் அவனருகே போனாள்.

"ஏப்பா பொன்னுராசு, ஜக்கம்மாளோடது மிச்சமிருக்கு. ஒனக்குச் சேருமான்னு பாரு."

நீட்டிய பூட்ஸ் அவள் கையில் அப்படியே இருந்தது.